ஏடும் சேவையகமும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் பொதுப் பதிவின் வரலாறு

ஒரு நிறுவனத்தைச் சேர்ந்த பலர் ஒரே கூரையின் கீழ் இல்லாதபோதும் ஒரே கோப்பைத் திறந்து திருத்தவும், ஒரே நாட்காட்டியில் கூட்டங்களைக் குறிக்கவும், தமக்குள் கடிதங்களை மாற்றிக்கொள்ளவும் வழிசெய்யும் கணினி ஏற்பாடு இன்று கூட்டுப்பணிச் சேவையகம் என்று அறியப்படுகிறது. மற்றக் கணினிகள் கேட்பதைத் தன்னிடமிருந்து எடுத்துக் கொடுக்கும் பொறுப்பிலுள்ள கணினியே சேவையகம். அதை நிறுவி நடத்துபவர் நிர்வாகி. அவருடைய வேலையைக் கூர்ந்து பார்த்தால் அதில் பெரும்பங்கு பொறியைப் பற்றியதாக இருப்பதில்லை. யார் யார் உறுப்பினர் என்ற பெயர்ப்பட்டியலை வைத்திருப்பது, அவர்களுள் எவர் எதைப் பார்க்கலாம், எவர் எதை எழுதலாம், எவர் எதை அழிக்கலாம் என்ற அணுகுரிமையை வகுப்பது, எழுதப்பட்டவற்றின் படிகளை வேறிடத்தில் காப்பது, பொறுப்பு கைமாறும்போது அடுத்தவருக்கு அனைத்தையும் விளங்க வைத்து ஒப்படைப்பது என்பனவே அந்த வேலையின் உடல். இவற்றுள் ஒன்றுகூடக் கணினியோடு பிறந்ததன்று. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்கள் கோயிலிலும் வயலிலும் கச்சேரியிலும் இதே வேலைகளைப் பல தலைமுறைகளாகச் செய்துவந்தன. அரசாங்கச் சேவையகங்கள் அந்த ஊர்களின் அலுவலகங்களுக்கு வந்துசேர்ந்த கதையும், அவற்றின் குறைகளும், இந்தப் பழைய ஏற்பாடுகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சரிவர விளங்குகின்றன.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரைக்கு இணையாகக் கிடந்து நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் மறையும் பக்கமாகிய மேற்கு நிலம் படுவான்கரை. ஊர்கள் எழுவான்கரையில் நெருங்கிக் கிடக்க, நெல்வயல்களின் பெரும்பகுதி படுவான்கரையில் விரிந்தது. நிலமுடைய போடியார் இக்கரையில் வாழ, அவருடைய வயலை அக்கரையில் வாடி அமைத்துத் தங்கிப் பார்த்துக்கொண்டவர் முல்லைக்காரர் எனப்பட்ட தலைமை வேலையாள். குடியிருக்கும் வீடு ஓர் இடத்திலும், விளைவிக்கும் நிலம் வேறோர் இடத்திலும், இரு கரையாரும் கூடும் கோயில் மூன்றாவது இடத்திலும் இருந்தமையால், விதைத்த அவணக் கணக்கும் நீர் திறந்த செய்தியும் திருவிழா முறையும் தண்ணீரைக் கடந்துதான் ஒருவரையொருவர் அடைந்தன. இரண்டு படகுகளை இணைத்துப் பலகை பரப்பிய மிதவைக்கு இப்பகுதி மக்கள் இட்ட பெயர் ‘பாதை’ என்பதே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைக்கும் எழுவான்கரைக்கும் இடையே ஆட்களையும் நெல் மூட்டைகளையும் அலுவலகக் கடிதங்களையும் கொண்டுசென்றது அத்தகைய பாதையே. தொலைவிலிருப்போர் ஒரே காரியத்தில் கூட்டாக ஈடுபடும் சிக்கல் இங்கே நிலத்தின் அமைப்பிலிருந்தே எழுந்தது.

அந்தச் சிக்கலுக்கு இப்பகுதி கண்ட மிக நுட்பமான தீர்வு கோயில் நிர்வாகத்தில் உள்ளது. மட்டக்களப்புச் சமூகம் குடி எனப்படும் தாய்வழிக் கூட்டங்களாக அமைந்தது. பிள்ளை தாயின் குடியைச் சேரும், தந்தையின் குடியை அன்று. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம், மண்டூர் முருகன் ஆலயம் போன்ற பெருங்கோயில்களில் அதிகாரம் ஒரு தனிமனிதரிடமோ ஒரு குடும்பத்திடமோ முழுமையாகக் குவியாமல், குடிகளின் சார்பில் அமர்ந்த வண்ணக்கர்களிடையே பங்கிடப்பட்டது. வண்ணக்கன் என்ற சொல் பழந்தமிழில் நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவனைக் குறித்தது. பொது உடைமையின் தூய்மைக்குப் பொறுப்பானவருக்கு அப்பெயர் வழங்குவது பொருத்தமானது என்றே சொல்லவேண்டும். வண்ணக்கர் பதவி தாய்வழியில், பெரும்பாலும் மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது. இதே வாவிப் பகுதியின் முஸ்லிம் ஊர்களிலும் பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்கள் குடிவாரியாகவே தெரிவாயினர் என்பது, இந்த ஏற்பாடு ஒரு சமயத்துக்கு உரியதாக இராமல் நிலத்துக்கே உரிய நிர்வாக முறையாக வேரூன்றியிருந்ததைக் காட்டுகிறது.

திருவிழாக் காலத்தில் இம்முறையின் உள்ளமைப்பைக் கண்ணாலே காணலாம். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடிக்கு அல்லது ஓர் ஊருக்கு உரியது; அந்நாளின் செலவும் உழைப்பும் பெருமையும் அவர்களுடையவை. பூசை முடிந்ததும் காளாஞ்சி வழங்கப்படுகிறது. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் முதலியவை வைத்த தட்டு, உரிய குடியின் பெயர் உரக்கக் கூறப்பட்டு, உரியவர் முன்வந்து வாங்கிக்கொள்ள, அடுத்த பெயர் அழைக்கப்படுகிறது. தட்டிலுள்ள பொருளின் விலை அற்பமானது. அழைக்கப்படும் வரிசையோ எந்தக் குடிக்குக் கோயிலில் என்ன உரிமை என்பதைக் கூடியிருப்போர் அனைவரின் காதிலும் ஆண்டுதோறும் பதிப்பிக்கும் பொது அறிவிப்பு. ஒரு பெயர் விடுபட்டாலோ முன்பின்னாக மாறினாலோ வழக்கு நீதிமன்றம் வரை சென்றதும், திருவிழாவே நின்றுபோனதும் இதனால்தான். கணினி நிர்வாகி ஒருவர் தம் திரையில் பயனர்களைக் குழுக்களாக வகுத்து, குழுவுக்குக் குழு வாசிக்கும் உரிமையையும் எழுதும் உரிமையையும் குறிக்கும்போது செய்வதும் இதுவே. ஆனால் அவர் அதைப் பூட்டிய அறையில் செய்கிறார், கோயிலில் அது ஊர் முழுவதும் பார்க்க நடந்தது. உரிமை ஆளுக்கன்றிப் பதவிக்கு உரியது என்பதும் அங்கே தெளிவாக இருந்தது. வண்ணக்கர் இறந்தால் இடம் வெற்றாவதில்லை. குடி அடுத்தவரை முன்னிறுத்தியது.

இந்த உரிமைகளை எழுத்தில் தாங்கியவை கல்வெட்டுகள். மட்டக்களப்பில் இச்சொல்லின் பொருள் சற்று வேறானது. கல்லில் வெட்டியதை மட்டும் குறிக்காமல், குடிகளின் தோற்றத்தையும் கோயில்களில் அவர்களுக்குரிய பங்கையும் முறையையும் கூறும், ஏட்டில் எழுதி ஓதப்பட்ட பாடல்களையும் உரைநடைப் பகுதிகளையும் அது குறித்தது. இத்தகைய ஏடுகளைத் திரட்டி எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்ற நூலாகப் பதிப்பித்தார். ஏடுகள் ஒரே இடத்தில் இருக்கவில்லை. ஊருக்கு ஊர் வெவ்வேறு கைகளில் அவற்றின் படிகள் இருந்தன, ஒவ்வொரு படியும் அதை வைத்திருந்தவரின் குடிக்குச் சாதகமாகச் சில இடங்களில் வேறுபட்டது. மண்டூர்க் கோயிலை ஆராய்ந்து 1999இல் நூல் எழுதிய மார்க் விற்றேக்கரும், அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நீண்டகாலம் ஆராய்ந்து 2008இல் விரிவான நூலை வெளியிட்ட டெனிஸ் மக்கில்வ்ரேயும், இப்பிரதேசத்தில் பழைய வரலாற்றைக் கூறுவதென்பது இன்றைய உரிமையைக் கோருவதன் ஒரு வடிவமாகவே இருந்ததை விளக்கியுள்ளனர். பல படிகள் இருந்ததால் ஒன்று கரையான் தின்று அழிந்தாலும் மற்றொன்று எஞ்சியது. பல படிகள் இருந்ததாலேயே அவற்றிடையே முரணும் எழுந்தது. படிகள் பெருகுவதால் வரும் பாதுகாப்பும் அதனால் வரும் பிணக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை.

இம்முறையைப் பொற்காலமாக எண்ணுவது தவறாகும். உரிமைப் பங்கீட்டின் இதே பட்டியல், சாதியால் தாழ்த்தப்பட்டோரைக் கோயிலின் வெளி வீதியோடு நிறுத்திய பட்டியலுமாகும். குடி தாய்வழியில் வந்தபோதும் வண்ணக்கராக அமர்ந்தோர் ஆண்களே. எவருக்கு எழுத உரிமை என்று வகுக்கும் எந்த ஏற்பாடும், எவருக்கு அது இல்லை என்பதையும் அதே கையால் வகுக்கிறது. முக்குவர் வழக்கம் என அறியப்பட்ட தாய்வழிச் சொத்துரிமை முறையைக் கிறிஸ்தோப்பர் பிரிட்டோ 1876இல் நூலாக எழுதிய அதே ஆண்டில் புதிய வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வழக்கம் சட்ட வலுவை இழந்தது. எனினும் கோயிலில் குடிமுறை தொடர்ந்தது. சட்டம் சொத்தைத் தொட்டது. காளாஞ்சித் தட்டைத் தொடவில்லை.

வயல் நிர்வாகம் இதைவிட எளிமையானது, ஆனால் காலக்கெடு மிக்கது. ஒரு வாய்க்காலின் நீரை நம்பிய வயல்களின் தொகுதி வட்டை எனப்பட்டது. அதன் நீர்ப்பங்கீட்டையும் வேலி, கால்நடை முதலியவற்றையும் கவனிக்க வயற்காரரால் தெரிவுசெய்யப்பட்டவர் வட்டை விதானை. அவருக்குரிய ஊதியம் பணமாக அன்றி, அறுவடையில் ஏக்கர்க் கணக்கில் அளக்கப்பட்ட நெல்லாகக் கிடைத்தது. 1850களின் பிற்பகுதியில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தியபோது, மண்ணணையைக் கட்டுவது மட்டும் போதாது, நீரைப் பங்கிடும் வழக்கத்துக்கும் வலுவூட்ட வேண்டும் என்பதை அவரது நிர்வாகம் உணர்ந்திருந்தது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் காணிக்காரரைக் கூட்டி, அவர்கள் ஏற்கும் பழைய வழக்கங்களை விதிகளாக எழுதி, மீறுவோரை ஊரார் முன்னிலையிலேயே விசாரிக்க இடமளித்தது. சொல்வழக்கில் இருந்தது முதன்முறையாக அரசின் ஏட்டில் ஏறியது.

அதன் வழிவந்த ஏற்பாடே இன்றும் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனியே கூடும் இக்கூட்டத்தில் அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமைதாங்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் உள்ள நீரின் அளவைச் சொல்கிறார்; விவசாய அமைப்புகள் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று வாதிடுகின்றன; முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பின் இறுதி நாள், மாடுகளை வயற்பரப்பிலிருந்து அகற்றும் நாள், வாய்க்கால் துப்புரவு முடிக்கும் நாள், எந்த வயது நெல்லினம் என்பன ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கப்பட்டு எழுதப்படுகின்றன. எழுதப்பட்டபின் ஒரு தனி விவசாயியோ ஒரு தனி அதிகாரியோ அதை மாற்ற முடியாது. நாள் தவறி விதைத்தவருக்குக் கடைசி நீர் கிடைக்காதபோது காட்டப்படுவது அந்தக் கூட்டக் குறிப்பே. எல்லோரும் கூடி எழுதி, எழுதியபின் பூட்டி, எல்லோர் கையிலும் படியாகக் கொடுக்கும் இந்தக் குறிப்பைவிடச் சிறந்த பொது ஆவணம் இப்பகுதியில் இல்லை என்று துணிந்து கூறலாம்.

கோட்டைக்குள் இருந்த அரசு வேறு மரபைக் கொண்டுவந்தது. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரிகளிடம் ஒரு கட்டாய வழக்கம் இருந்தது: பதவியிலிருந்து நீங்குபவர் தமக்குப்பின் வருபவருக்காக நிலத்தின் இயல்பு, வருமானம், குடிகளின் தலைவர்கள், முடிக்கப்படாத வேலைகள், கவனிக்கவேண்டிய ஆட்கள் என அனைத்தையும் விவரித்து ஓர் ஒப்படைப்புக் குறிப்பை எழுதிவைத்தே போகவேண்டும். 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பை ஆண்ட யாக்கோப் பர்னாண்ட் 1794இல் எழுதிவைத்த குறிப்பு இவ்வகையில் முதன்மையானது. அக்காலத்து மட்டக்களப்பின் நிலவுடைமையையும் நெற்செய்கையையும் தலைமைக்காரரின் அதிகாரத்தையும் அறிய இன்றும் ஆய்வாளர் அதையே நாடுகின்றனர். தன் இடத்துக்கு வரப்போகும் அறிமுகமில்லாத ஒருவருக்காக ஒருவர் மெனக்கெட்டு எழுதியது, இருநூறு ஆண்டுகளுக்குப்பின் ஒரு பிரதேசத்தின் வரலாற்று மூலமாக நிற்கிறது. கணினி அறைகளில் மிக அரிதாகவே எழுதப்படும் ஆவணமும் இதுதான்.

பிரித்தானியர் கீழ் அதே கோட்டை கச்சேரியாயிற்று. கச்சேரி என்பது இலங்கையில் இசை நிகழ்ச்சியையன்றி மாவட்ட நிர்வாக அலுவலகத்தைக் குறிக்கும் சொல். அங்கே ஒரு கடிதம் வந்தால் அது முதலில் அஞ்சல் பதிவேட்டில் இலக்கமிடப்பட்டு, அந்த விடயத்துக்குரிய எழுதுவினைஞரின் மேசைக்குச் செல்லும். அவர் பழைய கோப்பைத் தேடியெடுத்துக் கடிதத்தை அதில் தொடுத்து, கோப்பின் குறிப்புத்தாளில் விடயத்தைச் சுருக்கி எழுதிக் கையொப்பமிடுவார். கோப்பு பிரதம எழுதுவினைஞருக்கும், அவரிடமிருந்து உதவி அரசாங்க அதிபருக்கும் ஏறும். ஒவ்வொருவரும் முன்னவர் எழுதியதன் கீழ் தம் கருத்தையும் திகதியையும் எழுதுவர். முடிவு அதே வழியில் இறங்கும். குறிப்புத்தாளைப் பிரித்துப் பார்த்தால் எவர் எந்த நாளில் என்ன சொன்னார், எவருடைய மேசையில் எத்தனை நாள் கோப்பு உறங்கியது என்பது மையின் நிறத்தோடும் கையெழுத்தின் சாய்வோடும் கிடக்கும். முந்தைய கருத்தை அழிக்க இடமில்லை. மறுப்பதானால் கீழேதான் எழுதவேண்டும். கூட்டுப்பணி மென்பொருளில் ‘பணிப்பாய்வு’ என்றும் ‘பதிப்பு வரலாறு’ என்றும் விற்கப்படும் இரண்டு வசதிகளும் இந்தத் தாளில் அடக்கம். பாதகமும் உண்டு: ஒரு கோப்பு ஒரே நேரத்தில் ஒரு மேசையில்தான் இருக்கமுடியும். அக்கரையிலிருந்து பாதையேறி வந்த ஒருவருக்கு ‘கோப்பு மேலே போயிருக்கு, அடுத்த கிழமை வாங்கோ’ என்ற மறுமொழி கிடைத்தால், அவர் மறுபடியும் ஒரு நாளைத் தண்ணீரில் செலவழிக்கவேண்டும்.

1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்களைப் பிரதேச செயலகங்களுக்குப் பரவலாக்கியது. மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகங்களும் இவ்வாறு தனித்தனி அலுவலகங்களாயின. உள்நாட்டுப் போர்க்காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி 2007வரை அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. அக்காலத்தில் கோப்பு ஒன்று வாவியைக் கடப்பதற்குச் சோதனைச் சாவடியையும் கடக்கவேண்டியிருந்தது. உலகின் வேறிடங்களில் அலுவலகங்கள் கணினிவழி ஒன்றிணைந்த ஆண்டுகள், இங்கே சாலையே அறுந்திருந்த ஆண்டுகள்.

அந்த வேறிடங்களில் நடந்ததைச் சுருங்கச் சொல்லவேண்டும். 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ், நிறுவனங்களுக்கான கூட்டுப்பணி மென்பொருள்களுள் முன்னோடி. அதன் அடிப்படைக் கருத்து படியாக்கம்: ஒவ்வொரு கிளையின் சேவையகத்திலும் முழுத் தரவின் ஒரு படி இருக்கும், குறித்த இடைவெளிகளில் அவை தொடர்புகொண்டு மாற்றங்களை மட்டும் பரிமாறிக்கொள்ளும், தொடர்பு அறுந்த வேளையிலும் ஒவ்வோர் இடத்திலும் வேலை தொடரும். ஒரே ஆவணத்தை இரண்டு இடங்களில் இருவர் திருத்திவிட்டால் மென்பொருள் இரண்டையும் வைத்துக்கொண்டு முரண் என்று கொடியிடும். தீர்ப்பது மனிதரின் வேலை. ஊருக்கு ஊர் வேறுபட்ட குடிக்கல்வெட்டு ஏடுகளை அறிந்தவருக்கு இது புதியதாகத் தோன்றாது. 1996இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் முகவரிப் பட்டியலையும் ஒரே சேவையகத்தில் இணைத்தது. 2001இல் வந்த ஷெயார்பொயின்ட் கோப்புகளைப் பொதுவில் வைத்துத் திருத்தும் இடமாயிற்று. இவை பெரும்பாலும் தலைமை அலுவலகத்தில் நிறுவப்பட்டு, கிளைகள் கம்பிவழி அதனோடு பேசும் முறையில் பரவின. படிகள் பலவாக இருந்த மரபிலிருந்து மையம் ஒன்றாக இருக்கும் மரபுக்கு அலுவலக உலகம் நகர்ந்தது.

கிழக்குக் கரை இந்த உலகத்தோடு முதன்முதலில் நெருங்கிய நிகழ்ச்சி பேரழிவினுடையது. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் நாவலடி, கல்லடி, டச்பார் முதலிய இடங்களை வாரிச்சென்றபோது, உயிரிழந்தோர் யார், காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை குடும்பம், எந்த அமைப்பு எதைக் கொண்டுவருகிறது என்பவற்றை ஒருங்கே காட்டும் பதிவு எங்கும் இருக்கவில்லை. கிராம உத்தியோகத்தர்கள் தாளில் எழுதிய பட்டியல்களே முதல் ஆதாரம். அந்த நாட்களில் கொழும்பில், லங்கா மென்பொருள் மன்றத்தைச் சேர்ந்த நிரலர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து சில வாரங்களில் உருவாக்கியதே ‘சகன’. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் இப்பெயருடைய மென்பொருளில் காணாமற்போனோர் பதிவேடு, அமைப்புகளின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தேவைகளும் உதவிகளும் பொருந்தும் பட்டியல் என்ற பகுதிகள் இருந்தன. பல நிறுவனங்கள் ஒரே சேவையகத்தில் எழுதின. நிவாரணத்தை ஒருங்கிணைத்த தேசிய மையத்தில் அது நிறுவப்பட்டது. உரிமக் கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டமையால் எவரும் அதன் படியை எடுத்துத் தமது இடத்தில் நிறுவலாம் என்றிருந்தது. அவ்வாறே 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்கான தனது விருதை 2006ஆம் ஆண்டுக்கு இதற்கே வழங்கியது. இந்நாட்டின் துயரத்திலிருந்து பிறந்து உலகுக்குச் சென்ற இந்தக் கருவி, தமிழ் வாசகர்களிடையே இன்னும் போதிய அளவு அறியப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

அரசின் சொந்த வலையமைப்பு வேறு வழியில் வளர்ந்தது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கிய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், 2007இல் இலங்கை அரசாங்க வலையமைப்பை நிறுவி, எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பின் துணையுடன் அரசாங்க அலுவலகங்களுக்கு மின்னஞ்சலை வழங்கத் தொடங்கியது. மட்டக்களப்பின் செயலகங்களும் காலப்போக்கில் அதன் கிளைநுனிகளாயின. பயனைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. சுற்றறிக்கை ஒன்று கொழும்பிலிருந்து வவுணதீவை அடைய எடுத்த நாட்கள் நிமிடங்களாயின. ஒரு கடிதத்தை ஒரே வேளையில் 14 பிரதேச செயலாளரும் படிக்க முடிந்தது. கோப்பு மேலே போயிருக்கிறது என்ற பழைய மறுமொழியின் வலு குன்றியது. ஆனால் பெயர்ப்பட்டியலும் அணுகுரிமையும் காப்புப்படியும் தொலைவிலுள்ள ஒரே கையில் இருந்தன. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்குத் திறப்பதும் மாறிப்போனவருடையதை மூடுவதும் அந்த அலுவலகத்தின் கையில் இருக்கவில்லை.

அந்த மின்னஞ்சல் மென்பொருள் 2014இல் அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்புக்கு உயர்த்தப்பட்டதோடு நின்றுவிட்டது. சேவையக மென்பொருளில் குறைகள் கண்டறியப்படும்போது ஆக்கியவர் அவ்வப்போது திருத்தங்களை அனுப்புவர்; குறித்த காலத்துக்குப்பின் பழைய பதிப்புக்குத் திருத்தம் வராது, கண்டறியப்பட்ட ஓட்டை திறந்தே கிடக்கும். 2021 முதல் புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிருந்தும் நிதியின்மையாலும் முந்தைய சில தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனதாக முகவர் நிலையமே பின்னர் கூறியது. 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் தீநிரல் அதனுள் நுழைந்தது. தரவைப் பூட்டெழுத்தாக மாற்றி, திறவுகோலுக்குப் பணம் கேட்பது அத்தகைய தீநிரலின் வழி. சேவையகம் விரைவிலேயே மீட்கப்பட்டது. ஆனால் அதன் இணைப்பிலேயே வைக்கப்பட்டிருந்த காப்புப்படிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டிருந்தன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச முகவரிகள் பாதிக்கப்பட்டன. வலையமைப்போடு தொடர்பற்ற இடத்தில் நாள்தோறும் காப்புப்படி எடுக்கும் வழக்கம் அதன்பின்னரே அறிவிக்கப்பட்டது. ஏட்டை ஒரு பெட்டியிலும் அதன் படியை அதே பெட்டியின் அடித்தட்டிலும் வைத்த கதை இது. வெவ்வேறு ஊர்களில் படிகளை வைத்திருந்த பழைய குடிகளுக்கு இது நேர்ந்திராது. அந்த மூன்று மாதங்களில் எவரேனும் ஓர் எழுதுவினைஞர் பழக்கதோஷத்தால் அச்சிட்டுக் கோப்பில் தொடுத்த கடிதம் மட்டும், குறிப்புத்தாளின் கீழ், தப்பியிருக்கும்.

வாவிக்கரை அலுவலகங்களுக்கு மற்றொரு தடையும் இருந்தது. அது எழுத்துருவைப் பற்றியது. யுனிக்கோட் முறை பரவும் முன்னர் இலங்கைத் தமிழ் அலுவலகங்களில் பெரிதும் வழங்கியது பாமினி என்ற எழுத்துரு. அதில் தட்டச்சிட்ட கடிதத்தில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளிகளையுமே. எழுத்துருவின் வடிவம் மேலே போர்த்தப்படுவதால் திரையில் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தாள் முழுவதும் பொருளற்ற எழுத்துக்கூட்டமாக நிற்கும். பொதுச் சேவையகத்தில் இட்டு ‘உன்னிச்சை’ என்று தேடினால் அந்தக் கடிதம் அகப்படாது. தமிழுக்கான குறியீட்டையும் விசைப்பலகையையும் வரையறுத்து எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமம் 2008இல் வந்தபின்னும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பாமினிக் கோப்புகள் அப்படியே கிடந்தன. தமிழில் நிர்வாகம் நடக்கும் ஒரு மாவட்டத்தில், தேடல் என்ற அடிப்படை வசதி தமிழுக்கு மட்டும் பயன்படாதிருந்தது சிறு குறையன்று. பழைய ஏட்டைக்கூட எழுத்தறிந்த எவரும் வாசிக்கலாம்.

இந்த இடைவெளியை அலுவலர்கள் தாமே நிரப்பிக்கொண்டது கைபேசியால். வாட்ஸ்அப் குழுக்கள் இன்று பிரதேச நிர்வாகத்தின் எழுதப்படாத கூட்டுப்பணித் தளமாகியுள்ளன. குளத்தின் நீர்மட்டப் படமும் கூட்ட அழைப்பும் அவசர உத்தரவும் அவற்றில்தான் ஓடுகின்றன. வேகத்தில் அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் அங்கே உரிமை பதவியைச் சாராமல் ஆளின் சொந்த இலக்கத்தைச் சார்கிறது: அலுவலர் இடம்மாறும்போது மூன்று ஆண்டு உரையாடலும் அவருடைய சட்டைப்பையிலேயே போய்விடுகிறது, அடுத்து வருபவர் வெற்றுத்திரையோடு தொடங்குகிறார். பர்னாண்டின் வாரிசுக்குக் கிடைத்தது இவருக்குக் கிடைப்பதில்லை.

பழையதும் புதியதும் ஒரே மேசையில் சந்திக்கும் வேளை ஒவ்வொரு மாரியிலும் வருகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் வாவி பெருகிப் படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் ஏறும்போது, கடலுக்கும் வாவிக்கும் இடையே மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிடக் கோரிக்கை எழுகிறது. நீர் வடிந்தால் பயிர் தப்பும். அதே திறப்பு வாவியின் உப்புத்தன்மையையும் மீன்வளத்தையும் மாற்றும். ஆகவே விவசாய அமைப்புகள், மீன்பிடிச் சங்கங்கள், நீர்ப்பாசனம், கடற்றொழில், அனர்த்த முகாமைத்துவம் எனப் பல தரப்பாரின் பிரதிநிதிகளும் அரசாங்க அதிபர் முன்னிலையில் அமர்கின்றனர். நீர்மட்டம் கைபேசிப் படமாக வந்துகொண்டிருக்க, வயற்காரர் தம் வட்டையில் தண்ணீர் கதிரின் எந்தக் கணு வரை நிற்கிறது என்று கையால் காட்டுகிறார். ஒருகாலத்தில் மண்வெட்டிகளோடு ஊரார் திரண்டு வெட்டியதை இப்போது பெக்கோ இயந்திரம் சில மணிநேரத்தில் வெட்டுகிறது. எவர் கேட்டார், எவர் மறுத்தார், எந்த நாளில் எந்த இடத்தில் வெட்டத் தீர்மானிக்கப்பட்டது என்பவை கூட்டக் குறிப்பாகத் தட்டச்சிடப்பட்டு, வந்தோரின் கையொப்பத் தாளோடு சேர்த்துத் துளையிட்டு, கோப்பில் தொடுக்கப்படுகின்றன. படிகள் ஒவ்வொரு திணைக்களத்துக்கும் சங்கத்துக்கும் போகின்றன.